தங்கராஜு வேலை

பின்னறையில் ஏதோ சரிந்து விழுந்தது. முதலில் பலகை மோதும் சத்தம். பிறகு இரும்புச் சல்லடை சிமெண்டுத் தரையில் சுற்றிச் சுற்றி அடங்கும் சத்தம். கடைசியில் ஒரு பெண்ணின் சிரிப்பு.

"அலமாக். ஒரு வாளி மண்ணைக்கூடத் தாங்கல. நான் கட்டுன ஸ்டாண்டு சரியான தங்கராஜு வேலை, ஆன்ட்டி."

அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கஸ்தூரியின் கை அந்தரத்தில் நின்றது. குவளைக்குள் விழவேண்டிய தேநீர் மேசைமேல் கொட்டியது. எதிரே ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்த செல்லப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எப்போது எப்படி மாறும் என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்குப் பாடம்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாதுலா. விட்டுரு," என்றார் மெதுவாக.

"விடறதுக்கு நான் என்னா புடிச்சா வச்சிருக்கேன்."

துணியால் மேசையைத் துடைத்துவிட்டுக் கஸ்தூரி பின்னறைக்குப் போனாள். அங்கே ஏஞ்சலா தரையில் குந்தி, ஈர மண்ணை இரு கைகளாலும் வாளிக்குள் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரான குளுவாங்கில் பிறந்து வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவள். பழைய மண்ணைப் படிப்பதுதான் அவள் வேலை. புதையல் தேடுகிறவள் இல்லை. ஒரு மலையை யார் எரித்தார்கள், யார் நட்டார்கள், மழை அந்த மண்ணை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று மண்ணின் அடுக்குகளை வைத்தே கண்டுபிடிக்கிறவள். மண்ணைக் கழுவிச் சலிக்கக் குழாயும் வடிகாலும் உள்ள ஓர் அறை வேண்டும் என்று இந்த ரெங்கம் ஊரில் தேடியபோது, கஸ்தூரி தானாகவே தேடிப் போய்த் தன் பின்னறையைக் கொடுத்திருந்தாள்.

"ஏஞ்சலா, தங்கராஜு வேலைன்னா என்னாம்மா?"

"அதுவா ஆன்ட்டி? அரைகுறையா செஞ்ச வேலை. பாக்க நல்லா இருக்கும், தொட்டா விழுந்துரும். எங்கப்பா எப்பவும் சொல்வாரு. ஏன், ரெங்கத்துல சொல்ல மாட்டீங்களா?"

"சொல்வாங்க. இங்கதான் அது பொறந்துச்சு. தங்கராஜு யாருன்னு தெரியுமா?"

ஏஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள். "அது ஒரு ஆளா? நான் ஏதோ பழைய காலத்துக் கடை பேருன்னு நெனச்சேன்."

"எங்கப்பா."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏஞ்சலாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் தவித்தது. கஸ்தூரி குனிந்து, விழுந்து கிடந்த மரச்சட்டத்தை நிமிர்த்தினாள். ஒரு கால் குட்டை. சுவரோரம் கிடந்த ஓட்டுச்சில்லு ஒன்றை அந்தக் காலுக்கு அடியில் தள்ளினாள். உள்ளங்கையால் சட்டத்தை அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"இப்ப மண்ணைக் கொட்டு," என்றாள்.

ஒரு மனிதனின் பெயர் வசைச்சொல்லாக மாறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? தங்கராஜுவின் பெயருக்கு ஒரே ஒரு மழை போதுமானதாக இருந்தது.

ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் மண்டோராக இருந்தார். மண்வெட்டிக் கூட்டத்துக்குத் தலைவர். தோட்டத்தின் ஒரு கோடியில் இருந்த மலைச்சரிவை முழுவதும் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் ரப்பர் கன்று நடவேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. இயந்திரம் எதுவும் கிடையாது. மண்வெட்டியும், கூடையும், ஒரு மூங்கில் சட்டமும்தான். அந்தச் சட்டத்தில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டு மட்டம் பார்ப்பார். படியின் தரை வெளிப்பக்கம் சரியக்கூடாது. மலையை நோக்கி உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு கீழே ஓடாமல் மலைக்குள்ளேயே இறங்கும்.

அதோடு அவர் விட்டிருந்தால் பெயர் பிழைத்திருக்குமோ என்னவோ. அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. ஒரு படி வெட்டி முடிந்ததும், அதன் வெளிக்கரையில் சிறு குழி செய்து, ஓர் அகல் விளக்கை மட்டமாக வைத்து ஏற்றிக் கும்பிடுவார். திரி அணைந்ததும் மேலே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். பெருமழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் வந்து திறந்து பார்ப்பார். விளக்கு சாய்ந்திருந்தால் கரை உட்கார்ந்துவிட்டது என்று பொருள். கூட்டத்தார் எவ்வளவு முணுமுணுத்தாலும் அந்தப் படியைக் கலைத்து மறுபடி கட்டவைப்பார். சாயவில்லை என்றால், கொட்டாங்கச்சியை மூடி, மேலே மண்ணைப் போட்டு மிதித்துவிடுவார். இந்தப் படி இனி எங்கேயும் போகாது என்று அர்த்தம்.

சின்னக் கஸ்தூரி எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் போயிருக்கிறாள். அவளுக்கு அது விளையாட்டு. பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. ஏற்றிய விளக்கை ஒரு மனிதன் மண்ணுக்குள் போட்டு மிதிக்கிறான் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

கஸ்தூரி பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம், மழை விடாமல் கொட்டியது. ஒரு காலையில் மலை இறங்கி வந்தது. சேறும் கட்டையும் கல்லுமாக, மலையடியில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் ஓரத்து வீடுகள்மேல் வந்து விழுந்தது. அஞ்சலை என்ற சிறுமியை வெளியே எடுத்தபோது அவளுக்கு உயிர் இல்லை. கஸ்தூரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே சிலேட்டைப் பங்கு போட்டவள். அந்த அஞ்சலையின் இரண்டு அண்ணன்கள்தான் மணியமும் செல்லப்பனும்.

தோட்டத்து நிர்வாகம் விசாரித்தது. மண்டோர் படியைச் சரியாக வெட்டவில்லை, கரை உடைந்துவிட்டது என்று முடிவு சொன்னது. லயத்துச் சனம் வேறு காரணம் சொன்னது. விளக்கைப் புதைத்தவன், அதனால்தான் ஒரு வீட்டு விளக்கு அணைந்தது என்றது. தங்கராஜு சத்தம் போடவில்லை. சண்டைக்குப் போகவில்லை. எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"தோண்டிப் பாருங்க. வெளக்கு சாஞ்சிருக்காது."

யார் தோண்டுவார்கள்? பிள்ளை செத்த மண். பகலிலும் அந்தப் பக்கம் போக ஆள்கள் பயந்தார்கள். தங்கராஜு மனைவி மகளோடு யோங் பெங்குக்குப் போய் மரப்பட்டறை ஒன்றில் பலகை அடுக்கினார். அடுக்கிய பலகைகளையும் கல் தொங்கவிட்டு மட்டம் பார்ப்பாராம். கஸ்தூரி பெரியவளாகும் முன்பே போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் மட்டும் ரெங்கத்தில் தங்கிவிட்டது. ஒழுகும் கூரை, ஆடும் நாற்காலி, பாதியில் பிரியும் தையல் எல்லாமே தங்கராஜு வேலை. அந்தச் சொல் தோட்டத்துக்குத் தோட்டம் தாவிக் குளுவாங் வரைக்கும் போய், ஆளையே அறியாத ஏஞ்சலாவின் வாயிலும் ஏறிவிட்டது.

அந்தப் பெயருக்குப் பிறந்தவள் எப்படி வளர்ந்திருப்பாள்? பாருங்கள், நிமிர்ந்து வளர்ந்தாள். பக்கத்து ஊரான சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சோதித்து அனுப்பிய பெட்டிகள் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. தொழிற்சாலை பஸ் ஓட்டியவர் திடீரென்று சிங்கப்பூருக்கு ஓடிப்போனபோது, கனரக லைசென்ஸ் எடுத்து அந்த ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். "பொம்பள ஓட்டுற பஸ்ல ஏறவா" என்று முதல் வாரம் முணுமுணுத்த ஆண்கள், மறு வாரமே சீட்டில் சாய்ந்து குறட்டை விட்டார்கள். அறுபதைத் தொட்ட பிறகும் ஓட்டுகிறாள். பஸ்ஸை எங்கே நிறுத்தினாலும், தரை தண்ணீர்போல் மட்டமாக இருந்தாலும், இறங்கிப் போய் டயருக்குப் பின்னால் கல் வைப்பாள். மற்ற டிரைவர்கள் கேலி செய்தால், "நான் யாரு மகள்னு தெரியும்ல" என்பாள். கேலி அதோடு நின்றுபோகும்.

செல்லப்பனை அவள் கட்டிக்கொண்டதும் அந்தத் தொழிற்சாலையில் தொடங்கிய கதைதான். அதைத் தனியாக எழுதினால் பல வாரம் போகும். அண்ணன் மணியம் கல்யாணத்துக்கு வரவில்லை. பிள்ளைகள் பிறந்தபோதும் வரவில்லை. அதே ஊரில், கோயில் தலைவராக, ரெண்டு தெரு தள்ளி வாழ்ந்துகொண்டு, தம்பி வீட்டு வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. எதிரே வந்தால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவர் வாயில் அவள் "தங்கராஜு மக". அவ்வளவுதான்.

அன்று பின்னறையில் இதையெல்லாம் கேட்டு முடித்த ஏஞ்சலா வாளியைத் தள்ளி வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் குறுக்கால வெட்டப்போறது அந்த மலையைத்தான்."

"தெரியும். அதனாலதான் ரூம் குடுத்தேன். மத்த மலையெல்லாம் செம்பனை நடறதுக்காக மிஷின் வச்சு வழிச்சுட்டாங்க. இத மட்டும் பயந்துக்கிட்டு யாரும் தொடல. பெலுக்காரா, பொதர் மண்டிக் கெடக்கு. பழைய படி இருக்குன்னா அங்கதான் இருக்கும்."

"ஒன்னு சொல்லிடறேன். மண்ணு யாருக்காகவும் பேசாது. படி ஒடைஞ்சிருந்தா அதையும் காட்டிரும். எனக்குப் பிடிச்ச மாதிரி எழுத முடியாது."

கஸ்தூரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "காட்டட்டும். தெரியாம இருக்கிறதுக்கு அது தேவல."

குழி வெட்டத் தொடங்கிய காலை, கஸ்தூரி ஆள்களைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, பஸ் சீருடையோடு மலைக்கு வந்தாள். கூடவே செல்லப்பன். கூலிக்கு வந்த இருவர் புதரை வெட்டி ஒதுக்கினார்கள். புதருக்கு அடியில், நெடுங்காலமாக யாரும் பார்க்காத ஒரு வளைவு மலையைச் சுற்றிப் போவது தெரிந்தது. தூர்ந்துபோயிருந்தாலும் அது படிதான். அப்பாவின் மூங்கில் சட்டம் போன பாதை.

அப்போதுதான் கீழேயிருந்து குடையை ஊன்றிக்கொண்டு மணியம் ஏறி வந்தார். எழுபது வயதிலும் முதுகு வளையாத ஆள். தோட்டத்துக் கம்பெனி கொடுத்த அனுமதிக் கடிதத்தை ஏஞ்சலா நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கஸ்தூரியைத்தான் பார்த்தார்.

"தங்கராஜு மக வந்து நிக்கிறாளா. அப்பன் வெட்டுனது பத்தாதுன்னு மகளும் வெட்ட வந்துட்டாளா?"

"அண்ணே," என்றார் செல்லப்பன்.

"நீ சும்மா இரு. பொண்டாட்டி பஸ்ல ஓசியில போற ஆளு நீ, ஒனக்கென்ன பேச்சு. இது அஞ்சலை செத்த மண்ணு. அவளை மறுபடியும் தோண்டி எடுக்கப் போறீங்களா?"

கூலியாள்கள் மண்வெட்டியை இறக்கினார்கள். கஸ்தூரி இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"மாமா, அஞ்சலை என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவ. அவ சிலேட்டுல பாதி என்னோடது. நீங்க தங்கச்சிய பறிகுடுத்தீங்க, நான் மறுக்கல. ஆனா எங்கப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு, அத யாரும் கேக்கல. இன்னைக்கு நான் கேக்குறேன். வெளக்கு சாஞ்சிருந்தா, வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல எல்லாரு முன்னாடியும் நின்னு, எங்கப்பாதான் காரணம்னு நானே சொல்றேன்."

"கஸ்தூரி," என்று செல்லப்பன் அவள் தோளைத் தொட்டார். அவள் திரும்பவில்லை.

"சாயலன்னா?" என்றார் மணியம்.

"சாயலன்னா, எங்க வீட்டுக்குள்ள வந்து ஒரு வாய் குடிக்கணும். வேற எதுவும் வேணாம்."

மணியம் குடையை மண்ணில் குத்தி நட்டார். "தோண்டு," என்றார் ஏஞ்சலாவைப் பார்த்து. "நானும் பாக்குறேன்."

மலையின் மேலிருந்து கீழாக, படிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அந்த நீளக் குழி இறங்கியது. ஏஞ்சலா மண்வெட்டியை நம்பவில்லை. ஆழம் போகப் போகச் சின்னக் கரண்டியும் தூரிகையுமாக, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் மண்ணைத் துடைத்தாள். நாள்கள் போயின. மணியம் தினமும் வந்தார். ரப்பர் அடிமரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு காலையில் ஏஞ்சலாவின் கரண்டி ஓட்டில் உரசியது.

எல்லோரும் குனிந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஓர் அகல் விளக்கின் அடிப்பாகம் தெரிந்தது. அடிப்பாகம். அதாவது விளக்கு கவிழ்ந்து கிடந்தது.

மணியம் விளக்கையும் கஸ்தூரியையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு சொல் வசை பாடியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, மலையைவிட்டு இறங்கிப் போனார். அவர் முதுகைப் பார்த்தபடி கஸ்தூரி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெற்ற தகப்பனை மறுபடி ஒருமுறை, அதுவும் தன் கையாலேயே, புதைத்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

"ஆன்ட்டி, இங்க பாருங்க," என்றாள் ஏஞ்சலா. "பழைய வேர் ஒன்னு அடியில போயிருக்கு. வேரு மக்கிட்டாலும் அது போன ஓட்டை அப்படியே இருக்கு. அது பெருத்து வந்துதான் வெளக்கப் பொரட்டியிருக்கு."

"வேண்டாம்மா." கஸ்தூரி தலையை ஆட்டினாள். "என் மனசு ஆறணும்னு எதையும் சொல்லாத. வேரு பொரட்டுச்சோ, கரை பொரட்டுச்சோ, மாமா கண்ணுக்குக் கவுந்த வெளக்குதான். இன்னொரு படியப் பாரு. அப்பா எல்லாப் படியிலயும் வச்சாரு. அங்கயும் கவுந்திருந்தா வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போறேன்."

அதற்குக் கீழே இருந்த படியில், மறுநாள் உச்சி வெயிலில், ஏஞ்சலா திடீரென்று தூரிகையை நிறுத்தினாள். மக்கிப்போன கொட்டாங்கச்சியின் கறுத்த வளைவு ஒன்று மண்ணில் தெரிந்தது. அதை ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாக எடுத்தாள். அடியில் விளக்கு இருந்தது. வாய் மேலே. மூக்கு கிழக்கே. விளிம்பில் திரி எரிந்த கரி. ஏஞ்சலா மட்டக்கருவியை மேலே வைத்தாள். அதன் குமிழி அலைந்து, நடுவில் வந்து நின்றது.

"ஆன்ட்டி."

கஸ்தூரி குழிக்குள் இறங்கி மண்டியிட்டாள். தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய்ப் புட்டியைப் பிடித்திருந்த சின்னக் கை எங்கிருந்தோ திரும்பி வந்து அவள் கையோடு சேர்ந்துகொண்டது.

அதற்கும் கீழ்ப்படியில் இன்னொரு விளக்கு. அதுவும் சாயவில்லை. அதற்கும் கீழே ஒன்று. அதுவும் அப்படியே.

"இப்ப சுவரைப் பாருங்க," என்று ஏஞ்சலா குழியின் பக்கச் சுவரைக் காட்டினாள். "கூய் லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்கா இருக்குல்ல? ஆக அடியில இருக்கிற கறுப்புக் கோடு, ரப்பருக்கெல்லாம் முந்தி. சீனவங்க காம்பிர்ச் செடி போட்ட காலம். அந்த எலையக் காய்ச்ச மரத்த வெட்டி எரிச்சிருக்காங்க. அதுக்கு மேல உங்கப்பாவோட படி. பாருங்க, கரை எங்கயும் ஒடையல. அவரு மிதிச்ச மண்ணு இன்னும் கெட்டியா இருக்கு. அதுக்கும் மேல இன்னொரு கறுப்பு, சாம்பலும் கரிக்கட்டையும். அதோட கலந்து மஞ்சச் சேறு. இந்த மஞ்ச மண்ணு மலை உச்சியில மட்டும்தான் இருக்கு."

"உச்சியில அந்த வருசம் காட்ட எரிச்சாங்க," என்றார் செல்லப்பன் மெதுவாக. "எனக்கு ஞாபகம் இருக்கு. பொகை லயம் வரைக்கும் வந்துச்சு. தோட்டத்துத் தொர புதுசா நடணும்னு எரிக்கச் சொன்னாரு."

"அதுதான் எறங்கி வந்திருக்கு, அங்கிள். மரமில்லாத உச்சி அப்படியே வழுக்கி, படிங்க மேல ஏறி ஓடியிருக்கு. படிங்க எல்லாத்தையும் புடிக்க முடியல. ஆனா பாதியப் புடிச்சு வச்சிருக்கு. ஒவ்வொரு படியிலயும் எவ்ளோ சேறு நிக்குது பாருங்க. இது இல்லாம இருந்திருந்தா மொத்த மலையும் லயத்து மேல போயிருக்கும்."

செல்லப்பன் சுவரைப் பார்த்தார். அன்று காலை அவரும் அந்த ஓரத்து வீட்டில்தான் இருந்தார். அண்ணனும் இருந்தார். இடுப்புவரை சேற்றில் நின்று அழுத பையன்கள் அவர்கள். கழுத்துவரை வராமல் அந்தச் சேற்றை நிறுத்தியது எது என்று இத்தனை காலமாக யாரும் கேட்டதில்லை. அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கூலியாள்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல், அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உங்கப்பா என்னையும் ஒனக்காகப் புடிச்சு வச்சிருக்காரு," என்றார்.

"ஆமா, இந்தப் பஸ் ஓசிக்கு," என்றாள் கஸ்தூரி. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை, கோயில் மணி அடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். வாசல் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு மணியம் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். செல்லப்பன் அவரைத் தேடிப்போய்ச் சுவரின் அடுக்குகளையும், நின்ற விளக்குகளையும் சொல்லியிருந்தார்.

"வாங்க மாமா."

அவர் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார். ஒருமுறை பின்னால் தெருவைப் பார்த்தார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். எத்தனையோ பொங்கலும் தீபாவளியும் அந்த வீடு காத்திருந்த கால் அது. செல்லப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"அது எங்க?"

பின்னறையில் ஏஞ்சலா எழுந்து வழிவிட்டாள். ஒரு விளக்கை அதைச் சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்துக் கட்டியாக வெட்டியெடுத்து, மரப்பெட்டியில் வைத்திருந்தாள். மணியம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"தூக்கிட்டு வரும்போது நிமித்தி வச்சதா?" என்று கேட்டார். கோயில் தலைவர் அல்லவா, கேள்வி கூராகத்தான் வரும்.

"இல்ல ஐயா. எடுக்கிறதுக்கு முந்தியே நாலு பக்கமும் படம் எடுத்திருக்கேன். மத்த ரெண்டும் இன்னும் மலையிலதான் இருக்கு, அப்படியே. வெளக்க மட்டும் பாக்காதீங்க, அதச் சுத்தியிருக்கிற மண்ணப் பாருங்க. ஒரு கீறல் இல்ல. கரை அசைஞ்சிருந்தா கீறல் விழுந்திருக்கும். அந்தக் கவுந்த வெளக்குக்கு அடியில வேரு போன ஓட்டை இருக்கு. வந்தா காட்டுறேன்."

மணியம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒரே ஒருவர்மேல் சுமத்தி வைத்திருந்த பாரத்தை இனி எங்கே இறக்கிவைப்பது? அவர் முகத்தில் அந்தத் தவிப்பு அப்படியே தெரிந்தது. கஸ்தூரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நிமிரத்தான் நினைத்திருந்தாள். மனம் வரவில்லை. அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள்.

இப்போது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குவளையை வாங்கினார். ஊதினார். குடித்தார். ஒரு வாய்தான் அவள் கேட்டிருந்தாள். அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"அந்த மேல இருக்கிற படியில," என்று தொடங்கி நிறுத்தினார். "அந்தப் புள்ள வேலையெல்லாம் முடிச்சதும், அங்க ஒரு வெளக்கு வைக்கலாமா? அஞ்சலைக்கு. நீ வந்து வையி. உங்கப்பா வச்ச மாதிரி."

"வைக்கிறேன் மாமா."

"எண்ணெய் நான் எடுத்துட்டு வர்றேன்."

"தாப்பா மாமா, பரவால்ல, நான் பாத்துக்குறேன்."

"நான் எடுத்துட்டு வர்றேன்னு சொல்றேன்ல," என்றார். பழைய அதட்டல். ஆனால் அதில் இப்போது அண்ணன் இருந்தார், உறவு இருந்தது.

கோயில் மணி அடித்தது. அவர் எழுந்தார். செல்லப்பன் கூடவே வாசல் வரை வந்தார். வெளியே வந்த மணியம் வண்டியின் பின் டயரைப் பார்த்தார். அவர் உள்ளே இருந்த நேரத்தில் யாரோ அதற்கு ஒரு கல்லை அண்டை கொடுத்திருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவர் குனிந்து, அந்தக் கல்லை எடுத்து, மண்ணைத் தட்டி, சுவரோரம் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்தார்.

"இன்னைக்கு கோயில்ல நான் பேசுறேன்," என்றார் திரும்பிப் பார்க்காமல். "நீ பேச வேணாம். நான்தான் பேசணும்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல அவளை நேராகப் பார்த்தார்.

"தங்கராஜு மகளே. வர்றேன்மா."

ஆயுள் முழுக்கக் குத்திய பெயர்தான். இன்று அதைக் கேட்டதும் கஸ்தூரியின் முதுகு நிமிர்ந்தது. வண்டி தெரு முனையில் திரும்பும்வரை நின்று பார்த்தாள்.

உள்ளே வந்தாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு வழக்கம்போல, கதவை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.